ஞாயிற்றுக்கிழமை நாய்

வெள்ளைக்காரர் ஆட்சியின் பிற்காலத்தில் மன்னார்த் தீவில் டொக்குத்தரைக் கண்ணால் காணாத ஊர்கள் பல இருந்தன. பிள்ளைப்பேற்றுக்கென்று மாட்டு வண்டியில் புறப்பட்டு, பாதி வழியில் பனைக்கு அடியில் பெற்றெடுத்த பெண்கள் இருந்தார்கள். காய்ச்சலுக்கு மடுமாதாவிடம் நேர்த்தி வைப்பார்கள். பாம்புக்கடிக்கு மடுக் கோயில் மண்ணைப் பூசுவார்கள். இந்தக் குறைகளையெல்லாம் பெரிய மனிதர்கள் கூடி நன்றாக ஆராய்ந்தார்கள். தீவுக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது எது என்பதைக் கண்டுபிடித்து, அதைத் தொடங்கியும் வைத்தார்கள். அதற்கு மன்னார் வளர்ப்பு நாய்கள் முதலுதவி, அவசர சிகிச்சைச் சங்கம் என்று பெயர்.

சங்கம் தோன்றக் காரணமாயிருந்தது ஒரு பிஸ்கோத்து. அப்போது அங்கே இருந்த பெரிய துரையின் துரைசாணி, டச்சஸ் என்றொரு சின்ன நாய் வைத்திருந்தாள். ஒரு தேநீர் விருந்தில் அதன் தொண்டையில் பிஸ்கோத்துத் துண்டு சிக்கிவிட்டது. விருந்துக்கு வந்திருந்த உத்தியோகத்தர்கள் எல்லோரும் கதிரையை விட்டு எழுந்து நின்றார்கள். நாயைத் தொடலாமா என்று ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரின் முகத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் மேலுள்ளவர் கடலைப் பார்த்தார். அதற்குள் டச்சஸ் தும்மியது. பிஸ்கோத்து வெளியே விழுந்தது. டச்சஸ் அதைத் திரும்பவும் எடுத்துத் தின்றது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இப்படி ஓர் ஆபத்து இனி வந்தால் முறைப்படி உதவி செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொன்னவர் திருவாளர் சீவரத்தினம். ஒரு பெரிய கந்தோரின் தலைமைக் கிளாக்கர். ஏற்கெனவே பல சங்கங்களுக்குச் செயலாளர். எந்தக் கஷ்டத்தைக் கண்டாலும் அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் என்று நியமித்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது என்று நம்புகிறவர். மீதிப் பாதியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பழைய கட்டடம் ஒன்றுக்கு வெள்ளை அடித்து மண்டபம் ஆக்கினார்கள். கண்ணாடி அலுமாரி ஒன்று வந்தது. அதற்குள் லண்டனிலிருந்து கப்பலில் வந்த கட்டுத்துணிகள், அயடீன் போத்தல்கள், கத்தரிக்கோல்கள், எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் சட்டங்கள், கடிக்காமல் போடும் தோல் வாய்க்கட்டு ஒன்று, எல்லாம் அழகாக அடுக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு. கிளாக்கர்மாரும் அவர்கள் பெண்சாதிமாரும் உத்தியோக உயர்வு வேண்டியவர்களுமாக நிறையப் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் நாய் வளர்க்கிறவர் ஒருவரும் இல்லை. நாய்க்குப் பயந்தவர்கள் பலர் இருந்தார்கள்.

டச்சஸ்தான் சங்கத்தின் போஷகர். அதற்கென்று மெத்தை போட்ட கதிரை ஒன்று மேடையில் இருந்தது. அது ஏறிப் படுக்கும்வரை சபையில் எல்லோரும் நிற்க வேண்டும். சில நாட்களில் அது படுக்க மனமில்லாமல் கதிரையைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த நாட்களில் வகுப்பு நின்றபடியே நடக்கும்.

பாடம் புத்தகத்தில் இருந்தது. பழகிப் பார்க்கத்தான் நாய் இல்லை. போஷகரைத் தொட முடியாது. ஊரில் வேறு நாய்கள் இல்லையா என்று துரைசாணி கேட்டாள். சீவரத்தினம் எழுந்து, சபைக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே விளக்கம் சொன்னார்.

"ஊரில நாயள் நிறையக் கிடக்கு. ஆனால் அதுகள் நாயள். எங்கடை சங்கம் வளர்ப்பு நாயளுக்கு. கழுத்தில பித்தளைப் பட்டி இருந்தால் வளர்ப்பு நாய், இல்லாட்டில் நாய். நாயளைச் சுடுறது சனிக்கிழமை. வளர்ப்பு நாயளைக் காப்பாத்திறது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வேலைக்கும் பொறுப்பு நான்தான். ஒண்டோடை ஒண்டு கலந்து குழம்பப்படாது எண்டுதான் நாளையே பிரிச்சு வைச்சிருக்கிறன்."

சபை கைதட்டியது. அப்போது தீவில் பித்தளைப் பட்டி கட்டிய நாய் டச்சஸ் ஒன்றுதான். அதனால் பழகுவதற்கு ஒரு மனிதனை எடுப்பதென்று தீர்மானம் ஆயிற்று. ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும், கடிக்கக் கூடாது, முக்கியமாகப் பேசக் கூடாது. அப்படி ஓர் ஆளைத் தெரியுமென்றார் ஸ்ரேசன் மாஸ்ரர். பேசாமல் இருப்பதில் நல்ல அனுபவமுள்ள ஆள் என்றும் சொன்னார்.

அந்த ஆள்தான் கொன்ஸ்ரன்ரைன். பேசாலைக்கும் மன்னாருக்கும் நடுவில், மணல் பாதை றெயில் பாதையைக் கடக்கும் இடத்தில் கேற் காவலாளி. சுற்றிவரப் பனையும் வெள்ளை மணலும் சொந்தக்காரர் இல்லாத கழுதைகளும்தான். காலையில் ஒரு றெயில் கோச்சி தலைமன்னார்ப் பக்கம் போகும். பிறகு ஒன்று திரும்பும். யன்னலோரம் இருந்து பார்க்கும் முகங்கள் அவனுடைய பச்சைக் கொடியைப் பார்க்கும், அவனைப் பார்ப்பதில்லை. பெண்சாதி திரேசம்மா காய்ச்சலில் செத்துப்போன பிறகு அவனுக்கென்று ஒருவரும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பூசைக்குப் பேசாலைக்குப் போனால் ஆட்கள் சுகம் விசாரிப்பார்கள். "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு வருவான். கிழமைக்கு அவன் மனிதரோடு பேசும் பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

மிச்சப் பேச்சு முழுவதும் தொபியோடு. தொபி செம்மண் நிறத்தில் ஒரு நாய். பேசாலைக் கரையில், வலைக் குவியலுக்குள் யாரோ விட்டுப்போன குட்டி. வேதாகமத்தில் தொபியாசு தூர தேசம் போனபோது கூடவே நடந்துபோன நாயைப் பற்றிச் சுவாமி ஒரு முறை பிரசங்கம் வைத்தார். அந்த நாயின் பெயரை வேதம் சொல்லவில்லை. பெயர் இல்லாமற் போனது கொன்ஸ்ரன்ரைனுக்கு அநியாயமாகப் பட்டது. ஆகவே எசமானுடைய பெயரையே தன் குட்டிக்கு வைத்துவிட்டான். தண்டவாளம் அதிருமுன்பே தொபிக்குக் கோச்சி வருவது தெரியும். வந்து அவன் இடுப்பில் உடுத்த சாரத்தின் கரையைக் கவ்வி இழுக்கும். அவன் எழும்பிப் போய்க் கேற்றை அடைப்பான். "நீ இல்லாட்டில் என்ரை வேலை போயிடுமடா" என்று தினமும் அதற்குச் சொல்லுவான்.

ஸ்ரேசன் மாஸ்ரர் கூப்பிட்டுச் சங்கத்தின் உத்தரவைச் சொன்னபோது அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா, நான் நாயோ?"

"ஞாயிற்றுக்கிழமையில மட்டும்" என்றார் அவர். "சாமான் கோச்சி உன்ரை கேற்றடியில நிண்டு ஏத்திக்கொண்டு போகும். பொழுதுபடத் திரும்பக் கொண்டுவந்து விடும். உத்தரவு மேலிடத்திலயிருந்து வந்தது."

மேலிடத்திலிருந்து வந்தால் சரி. கொன்ஸ்ரன்ரைன் போனான்.

முதல் நாள் அவனை நீண்ட மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னார்கள். எந்த நோயாளியானாலும் முதலில் வாய்க்கட்டுப் போடுவதே விதி. வலியில் நாய் கடிக்கும், கட்டிய கட்டைப் பல்லால் அவிழ்க்கும் என்று புத்தகம் சொல்லியது. அவனுடைய மூக்குக்கும் தாடைக்கும் தோல் வாரைச் சுற்றி இறுக்கினார்கள். இரண்டாவது விதி மூக்கைத் தொட்டுப் பார்ப்பது. சுகமான நாயின் மூக்கு ஈரமாக இருக்கும். கொன்ஸ்ரன்ரைனுடைய மூக்கு உப்புக் காற்றில் காய்ந்து கிடந்தது. இது பெரிய சிக்கலாகப் போய்விட்டது. வகுப்பு தொடங்குமுன்பே நோயாளி நோயாளியாக இருந்தால் பாடம் நடத்துவது எப்படி? நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பத்தில் நோயாளியின் மூக்கை ஈரத்துணியால் நனைத்துச் சுகப்படுத்துவதென்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு பெற்றிசியாவிடம் வந்தது. அவள் தபால் கந்தோர் மாஸ்ரரின் தங்கை. தமையன் சேரச் சொன்னதற்காகச் சேர்ந்தவள்.

முன்னங்கால் முறிவுக்கு அன்று கட்டுப் போட்டார்கள். கை இறுகியபோது பெற்றிசியா குனிந்து, "நோகுதோ அண்ணை?" என்று கேட்டாள்.

சீவரத்தினம் மேசையில் தட்டினார்.

"நோயாளியிட்டைக் கேள்வி கேட்கப்படாது பிள்ளை. நாய் தன்ரை வலியைச் சொல்லாது. அதனாலதான் நாய்க்குச் செய்யிற சேவை உயர்ந்த சேவை. மனிசருக்குச் செய்தால் பிறகு குறை சொல்லுவினம்."

பெற்றிசியா கட்டைத் தளர்த்தினாள். பிறகு விதிப்படி நோயாளியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். துரைசாணியும் வந்து தலையில் மெல்லத் தட்டி, "நல்ல நாய்" என்றாள்.

திரேசம்மா போன பிறகு கொன்ஸ்ரன்ரைனுடைய நெற்றியில் ஒரு கை பட்டதில்லை. காய்ச்சலாய்க் கிடந்த நாட்களில்கூட அவன் தன் கையாலேதான் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இங்கே இத்தனை பேர் சுற்றி நின்று கையைப் பிடிக்கிறார்கள், நாடி பார்க்கிறார்கள், போர்வை போர்த்துகிறார்கள், நல்லவன் என்கிறார்கள். நாயாகத்தான், ஆனால் தொட்ட கை கைதானே. அன்று கேற்றடியில் இறங்கியபோது தொபி அவனை முகர்ந்து பார்த்துவிட்டு, அயடீன் வாசம் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் படுத்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றும் இருந்தது.

ஞாயிறுகள் வந்தன. அவனுக்கு வெயில் பட்டது, நெருப்புச் சுட்டது, பந்தை விழுங்கினான், கிணற்றில் விழுந்தான். ஒவ்வொரு முறையும் அவனைக் காப்பாற்றினார்கள். ஒரு நாள் உறுப்பினர் ஒருவர் எழுந்து, நோயாளிக்கு வால் இல்லாதபடியால் வாலில் கட்டுப்போடப் பழக முடியவில்லை என்று முறையிட்டார். அதை ஆராய ஒரு குழு அமைந்தது. குழு தும்புக் கயிற்றில் ஒரு வால் செய்து அவனுடைய இடுப்பில் கட்டியது. மகிழ்ச்சியாக இருக்கும்போதுகூட நோயாளி வாலை ஆட்டுவதில்லை என்று துரைசாணி வருத்தப்பட்டாள். அடுத்த ஞாயிறு முதல் ஆட்டுவதற்கு இன்னொருவரை நியமித்தார்கள்.

இப்படியிருக்க, கொழும்பிலிருந்து பரிசோதகர் துரை ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. குதிரை வைத்தியத்தில் பெயர் எடுத்தவர். நாய் என்பது சின்னக் குதிரை என்பது அவருடைய கொள்கை. ஒரு ஞாயிறு பின்னேரம் பரிசோதனை என்று குறித்தார்கள். அன்று முழு அலுமாரியையும் காட்டிவிட வேண்டும் என்று சீவரத்தினம் முடிவு செய்தார்.

அந்த ஞாயிறு காலையில்தான் அது நடந்தது. கப்பல் ஏறப் போகிறவர்களின் கோச்சி தலைமன்னார்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதலாம் வகுப்பு யன்னலிலிருந்து யாரோ வெறும் சோடாப் போத்தலை வெளியே வீசினார்கள். அது தண்டவாளத்துக் கல்லில் பட்டு உடைந்தது. கோச்சியோடு ஓடிப் பழகிய தொபி நேரே அதற்குள் பாய்ந்தது. முன்னங்காலின் மேற்பக்கம் ஆழமாகக் கிழிந்துவிட்டது.

கொன்ஸ்ரன்ரைன் கொடியைப் போட்டுவிட்டு ஓடினான். இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது. தன்னுடைய கையில் எத்தனையோ முறை கட்டிய விதமாகச் சாரத்தைக் கிழித்து மடித்து, வெட்டின்மேல் அமர்த்திக் கட்டினான். ஓட்டம் குறைந்தது, ஆனால் துணி மெல்ல மெல்ல நனைந்துகொண்டே இருந்தது. அன்று பூசைக்கும் போகவில்லை. நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாமான் கோச்சி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பயந்தானே தவிர நம்பிக்கை இழக்கவில்லை. நாயே அல்லாத தன்னை இவ்வளவு அன்பாகப் பார்க்கிற ஆட்கள், உண்மையான நாயை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தான். அதுதான் அவன் விட்ட பிழை.

சாமான் கோச்சி நின்றது. கார்ட் நுஃமான் இறங்கி வந்தார். அவன் தூக்கி வந்த ஓலைக் கடகத்துக்குள் தொபியைக் கண்டதும் ஓர் அடி பின்னே வைத்தார். பிறகு தன்னுடைய பெட்டிக்குள் போய்ச் சாக்கு ஒன்றை விரித்தார்.

"இதில வையுங்கோ அண்ணை. இரத்தம் பட்டால் கழுவலாம். எங்கடை மார்க்கத்தில நாய் பட்டதை ஏழு தரம் கழுவச் சொல்லியிருக்கு, அவ்வளவுதானே. தண்ணி குடிக்குமோ?"

"குடிக்குது நுஃமான் நானா. அங்கை போனால் சரி. அங்கை எல்லாம் இருக்கு."

மண்டபத்து வாசலில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். சீவரத்தினம் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார்.

"நீர் பிந்திப் போனீர். இது என்ன?"

"நாய் ஐயா."

"அது தெரியுது. நாயை ஏன் இஞ்சை கொண்டு வந்தனீர்? இண்டைக்குப் பரிசோதனை எண்டு தெரியாதோ?"

"கால் வெட்டுப்பட்டுப் போச்சு ஐயா. இரத்தம் நிக்கேல்லை. ஒரு கட்டு..."

சீவரத்தினம் கடகத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பட்டி இருக்கோ?"

"இல்லை ஐயா."

"வீட்டில என்ன செய்யிறது?"

"கோச்சி வர முன்னம் எனக்குச் சொல்லும்."

"அப்ப இது உத்தியோகம் பாக்கிற நாய். வளர்ப்பு நாய்க்கு ஒரு வேலையும் இருக்கப்படாது. இதை நீர் றெயில்வேயிட்டைத்தான் கொண்டு போகவேணும்." அவனுடைய முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். "சரி, நான் கல்நெஞ்சன் இல்லை. பட்டி குடுக்கிற அதிகாரம் குழுவுக்கு உண்டு. பட்டி கிடைச்சால் வளர்ப்பு நாய். வளர்ப்பு நாயெண்டால் சிகிச்சை. பொறும், கேட்டுப் பாக்கிறன்."

குழு வாசலிலேயே கூடியது. இது அவசரமா இல்லையா என்பதைப் பரிசோதனை முடிந்த பிறகு ஆறுதலாக ஆராய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தது.

"நீர் கெதியாய் ஏறிப் படுத்தால் கெதியாய் முடியும்" என்றார் சீவரத்தினம். "இப்ப உம்மடை நாயின்ரை சுகம் உம்மடை கையில."

கொன்ஸ்ரன்ரைனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடகத்தை விறாந்தையில் நிழலாகப் பார்த்து வைத்தான். "கிட தொபி. இந்தா வாறன்" என்றான். தொபி வாலை ஒரு முறை ஆட்டியது. அவன் உள்ளே போய் மேசையில் படுத்தான். கயிற்று வாலைக் கட்டினார்கள். வாய்க்கட்டை இறுக்கினார்கள். பெற்றிசியா மூக்கை நனைத்தாள். டச்சஸ் கதிரையில் ஏறிப் படுத்தது. சபை அமர்ந்தது.

பரிசோதகர் துரை மனம் குளிரவென்று நோயாளிக்கு அன்று எல்லா விபத்தும் ஒரேயடியாக நேர்ந்திருந்தது. நான்கு காலும் முறிவு, நெஞ்சில் வெட்டு, காதில் கிழிவு, வாலில் நசிவு. அலுமாரியில் இருந்த அத்தனை கட்டுத்துணியும் வெளியே வந்தது. சுற்றினார்கள், சுற்றினார்கள், கைகால் எது மேசை எது என்று தெரியாமல் சுற்றினார்கள். அலுமாரி வெறுமையாயிற்று. பரிசோதகர் துரை சுற்றி வந்து ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் விறாந்தையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். துணியைப் பல்லால் பற்றி இழுத்துக் கிழிக்கும் சத்தம். சபையில் வேறு ஒருவருக்கும் அது கேட்கவில்லை. வலி பொறுக்காமல் தொபி தன் கட்டைத் தானே அவிழ்க்கிறது என்று கொன்ஸ்ரன்ரைனுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழும்பப் பார்த்தான். நோயாளி திமிறினால் அன்போடு அமர்த்த வேண்டும் என்பது விதி. எல்லோரும் அன்போடு அமர்த்தினார்கள். வாய்க்கட்டுக்குள் இருந்து அவன் கத்தினான். வெளியே வந்தது ஓர் ஊளை.

"மிகத் தத்ரூபம்" என்றார் பரிசோதகர் துரை. நோயாளிக்கும் மதிப்பெண் உண்டா என்று விசாரித்தார்.

பெற்றிசியா மட்டும் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "சேர்," என்று சீவரத்தினத்தைக் கூப்பிட்டாள், "வெளியில நாய் கட்டை அவிழ்க்குது. வாய்க்கட்டு ஒண்டு தாங்கோ."

"வாய்க்கட்டு நோயாளியில கிடக்கு பிள்ளை."

"அப்ப ஒரு கட்டுத்துணி?"

"எல்லாம் நோயாளியிலதான் கிடக்கு. காணேல்லையோ?"

அவள் தன்னுடைய கைலேஞ்சியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பரிசோதனை நடுவே வெளியே போனவர் தேர்வில் தவறியவராவார் என்று சீவரத்தினம் சபைக்கு அறிவித்தார். பிறகு பேசத் தொடங்கினார். சங்கம் பிறந்த வரலாறு, துரைசாணியின் கருணை, வாலுக்கான குழுவின் உழைப்பு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கொன்ஸ்ரன்ரைன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். துணி கிழியும் சத்தம் நின்றுபோயிருந்தது. அது நல்லதற்குத்தான், அந்தப் பிள்ளை கட்டியிருப்பாள், தொபி நித்திரையாய் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெற்றிசியா திரும்பி வந்தாள். சீலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கையில் லேஞ்சி இல்லை. அவள் ஒருவரையும் பார்க்காமல் நேரே மேசையடிக்கு வந்து, அவனுடைய நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சீவரத்தினம் பேச்சின் உச்சத்துக்கு வந்திருந்தார்.

"இதை நான் பெருமையோடை சொல்லவேணும். இந்தச் சங்கம் தொடங்கின நாள் முதல் இண்டைவரைக்கும் எங்கடை சிகிச்சையில ஒரு நாயும் சாகேல்லை! உலகத்தில வேறை எந்த ஆசுப்பத்திரி இப்பிடிச் சொல்லும்? காரணம் என்ன? நாங்கள் நோயாளியைத் தெரிவு செய்யிறதில காட்டுற கவனம்!"

கைதட்டல் ஓயுமுன் துரைசாணி எழுந்து வந்தாள். பொறுமையிலும் ஒழுக்கத்திலும் சிறந்த நோயாளிக்கென்று குழு செய்வித்த பித்தளைப் பட்டியை, கட்டுத்துணிக்கு மேலாக அவனுடைய கழுத்தில் பூட்டினாள். தீவின் இரண்டாவது வளர்ப்பு நாய் என்று அவனை அறிவித்தார்கள்.

அந்த நேரம் டச்சஸ் தும்மியது.

மண்டபமே எழுந்து நின்றது. பரிசோதகர் துரை மேடைக்குப் பாய்ந்தார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். போஷகருக்கு நாடி பார்த்தார்கள், மூக்கைத் தொட்டார்கள், காற்று விடுங்கோ காற்று விடுங்கோ என்று கத்தினார்கள். மேசையில் கட்டுண்டு கிடந்தவனை எல்லோரும் மறந்துபோனார்கள். பெற்றிசியா ஒருத்திதான் நின்று கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி அவனை அவிழ்த்தாள்.

"நான் போகேக்கையே பிந்திப் போச்சு அண்ணை" என்றாள். "அமத்திப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தது."

தொபி கடகத்துக்குள் சுருண்டு கிடந்தது. காலில் அவளுடைய லேஞ்சி சுற்றியிருந்தது. அவிழ்ந்த சாரத்துண்டு பக்கத்தில் கிடந்தது. கொன்ஸ்ரன்ரைன் இடுப்பில் கயிற்று வாலோடு அதன் அருகே குந்தியிருந்து தலையைத் தடவிக் கொடுத்தான். உள்ளே போஷகர் சுகமடைந்ததற்காக நன்றிப் பாட்டுப் பாடினார்கள்.

பாட்டு முடிந்து சீவரத்தினம் வெளியே வந்தார். பார்த்ததும் முகம் மாறியது. பிறகு விறாந்தையின் விளிம்பையும் மண்டபத்து வாசற்படியையும் கண்ணால் அளந்து ஆறுதலானார்.

"விறாந்தை மண்டபத்தோடை சேராது. றோட்டோடைதான் சேரும். நான் சொன்னதில பிழை ஒண்டும் இல்லை."

"ஐயா," என்றான் கொன்ஸ்ரன்ரைன், "இந்தப் பட்டியை இவனுக்குப் போட்டுப் புதைக்கட்டோ? ஒரு வீட்டு நாயாய்ப் போகட்டும்."

"அது ஆளுக்குக் குடுத்த பட்டி. மாத்த ஏலாது" என்றார் அவர். "அடுத்த ஞாயிறு பிந்தாதையும்."

கொன்ஸ்ரன்ரைன் திரும்பிய சாமான் கோச்சியிலும் நுஃமான்தான் கார்ட். கேற்றடியில் கோச்சியை நிறுத்தி, தானும் இறங்கி, கடகத்தின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். "நீங்கள் தொட வேண்டாம் நானா" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "நான் கழுவிக்கொள்ளுவன், நீங்கள் நடவுங்கோ" என்றார் நுஃமான். நின்றுகொண்டிருந்த கோச்சியின் புகை பனைகளுக்கு மேலே போய்க்கொண்டிருக்க, இரண்டு பேருமாகக் கேற்றுக்குப் பக்கத்து மணலைத் தோண்டினார்கள். பட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கொன்ஸ்ரன்ரைன் அதைக் கொடி மாட்டும் ஆணியில் மாட்டினான்.

அந்தக் கிழமை சாரத்தை இழுக்க ஒருவரும் இல்லை. கோச்சி வரும் நேரத்துக்கு நெடுநேரம் முன்பே போய்க் கேற்றடியில் நின்றான். பேசுவதற்கு வாய் எடுப்பான், பிறகு மூடிக்கொள்ளுவான். அப்படியொரு வெறுமையை அவன் திரேசம்மா போனபோதுகூடக் கண்டதில்லை. அப்போது தொபி இருந்தது. சனிக்கிழமை நாய் சுடும் துவக்குக்காரர் தண்டவாளம் வழியே வந்தார்கள். ஆணியில் தொங்கிய பட்டியைக் கண்டுவிட்டு, "நாய் எங்கை?" என்று கேட்டார்கள்.

"நான்தான்" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

பட்டி இருந்தபடியால் அவர்கள் அப்பால் போனார்கள்.

ஞாயிறு பின்னேரம் சாமான் கோச்சி வழமைபோலக் கேற்றடியில் நின்றது. போகக்கூடாது என்றுதான் கிழமை முழுவதும் நினைத்திருந்தான். நுஃமான் பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொன்ஸ்ரன்ரைன் புதைத்த இடத்தைப் பார்த்தான், வெறும் பாதையைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். பிறகு ஆணியிலிருந்து பட்டியை எடுத்துக்கொண்டு ஏறினான். நெற்றியில் ஒரு கை பட உலகத்தில் அவனுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

மேசையில் ஏறிப் படுத்தான். வாய்க்கட்டை இறுக்கினார்கள். டச்சஸ் கதிரையில் சுருண்டு படுத்தது. தேர்வில் தவறிய பெற்றிசியா முதலாம் பாடத்திலிருந்து மீண்டும் படிக்க வந்திருந்தாள். அவள் ஈரத்துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு மேசையடிக்கு வந்து குனிந்தாள். அவனுடைய கண்ணைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். துணியைத் திரும்பக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, தள்ளி நின்றாள்.

சீவரத்தினம் வந்து விரலை நீட்டி அவனுடைய மூக்கைத் தொட்டார். தொட்ட விரலைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"பாருங்கோ, இண்டைக்குத் துணி தேவைப்படேல்லை. மூக்கு தானாகவே ஈரமாய்க் கிடக்கு. நாய் நல்ல சுகம்."